ஆதிரைக்கு இரண்டு நாள் முன்பு

கும்பகோணத்துப் பெரியம்மாவுக்குச் சென்னைக் கோயில்களின் மீது என்றுமே பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஒரு பக்கம் கும்பேசுவரரும் மறுபக்கம் சாரங்கபாணியுமாக அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, மற்ற ஊர்க் கோயில்கள் எல்லாம் நேற்றுக் கட்டியவைதாம். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவரை, ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள்தான் மயிலாப்பூருக்கு அழைத்துச் செல்ல முடிந்தது. மறுநாள் இரவு உழவன் விரைவு ரயிலில் அவருக்கு இடம் பதிவாகியிருந்தது. அதற்கு அடுத்த நாள் திருவாதிரை.

காலை ஐந்தரை மணிக்கு மாட வீதியில் இறங்கினோம். சென்னையின் மார்கழியைக் குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கே சற்றுக் கூச்சமாக இருக்கும் என்றாலும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் கல்தரையில் கால் வைத்தபோது சில்லென்று ஏறத்தான் செய்தது. மெட்ரோ பணிக்காக நிறுத்தியிருந்த தகரத் தடுப்புக்கும் ஒரு நகைக்கடைப் படிக்கும் இடைப்பட்ட மூன்றடி இடத்தில், ஒரு பெண்மணி புள்ளி வைத்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிக்கொண்டிருந்தார். பெரியம்மா நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே திருவெம்பாவை ஒலித்துக்கொண்டிருந்தது. மேற்கு நோக்கிய கபாலீசுவரரையும் கற்பகாம்பாளையும் கண்குளிரத் தரிசித்துவிட்டு, தல மரமான புன்னையின் அடிக்கு வந்தோம். அம்பாள் மயில் வடிவில் ஈசனைப் பூசித்த இடம் என்பதால்தான் ஊருக்கே மயிலை என்று பெயர். எனினும் பெரியம்மா நெடுநேரம் நின்றது பூம்பாவையின் சிறிய சன்னதி முன்னால்தான். பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்த மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டு வைத்திருந்தார் சிவநேசர். அந்தக் குடத்தின் முன் நின்று ஞானசம்பந்தர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. பெரியம்மா அதைத் தம் தந்தையிடம் சிறுவயதிலேயே பாடம் செய்தவர். மெல்லிய குரலில் தொடங்கி, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஒவ்வொரு விழாவாகச் சொல்லி, 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று முடிக்கும்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்தினார்.

பாடி முடித்ததும், "செத்துப்போன பொண்ணுகிட்ட மோட்சத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல பாரேன். திருவிழாவெல்லாம் பாக்காம போறியேன்னுதான் கேக்கறார்" என்றார். எத்தனையோ முறை கேட்ட பதிகம். எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

தொன்னையில் வாங்கிய வெண்பொங்கலில் நெய் ஓரமாக ஒதுங்கி உறையத் தொடங்கியிருந்தது. தைப்பூசப் பாட்டில் வரும் 'நெய்ப்பூசும் ஒண்புழுக்கல்' இதுதானோ என்று கேட்டேன். "அது இதவிட நன்னா இருந்திருக்கும்" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

அதன்பின் நான் செய்தது பிழை. சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் அலை உலாவும் கடலோரத்தில் இருந்தது என்பதும், அது 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்து, பிறகுதான் இந்த இடத்தில் கோயில் எழுந்தது என்பதும் பெரும்பாலோர் ஏற்கும் செய்தி; நாம் அண்ணாந்து பார்க்கும் ஏழு நிலைக் கிழக்குக் கோபுரமோ 1906இல்தான் எழும்பியது. அந்தக் கடலை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், கச்சேரி சாலை வழியாகச் சாந்தோம் வரை நடத்தியே அழைத்துச் சென்றுவிட்டேன். வெயில் ஏறிவிட்டது, அவருடைய முழங்காலை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1896இல் கட்டி முடிக்கப்பட்ட வெள்ளைத் தேவாலயத்தைக் கடந்து, அதன் பின்புறம் கடற்கரைக்கு வந்ததும், கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அருகில் ஒருவர் நைலான் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். கோயிலின் தடயமாகக் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பெரியம்மா அலைகளைப் பார்த்தபடி, 'ஊர்திரை வேலை உலாவும் உயர்மயிலை' என்ற அடியை மட்டும் இரண்டு முறை சொன்னார். ஆதிரை நாளைப் பற்றிய பாட்டு அது. திரும்பும்போது ஆட்டோ பிடித்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நண்பகலில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும். சபா ஒன்றில் மதியக் கச்சேரியைக் கேட்டதும், அவர் பாதி நேரம் உறங்கியதும் தனிக்கதை.

மாலையில் திருவல்லிக்கேணி. திருமங்கையாழ்வார் பாடிய கோயில் இது என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் என்று சொன்னதும் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மீசையோடு நெடிதுயர்ந்து நிற்கும் வேங்கடகிருஷ்ணன், பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்ற வாக்குக்குக் கட்டுப்பட்டுச் சக்கரம் இல்லாமல் சங்கு மட்டும் ஏந்தியிருக்கிறார். பட்டர் தீபத்தை உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தருகே உயர்த்தியபோது, கன்னத்திலும் நெற்றியிலும் அம்மை வடுப்போன்ற சிறு குழிகள் வெளிச்சத்தில் தெரிந்து மறைந்தன. பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்புகள் என்பது வழிவழிச் செய்தி. "தேரோட்டினவருக்கா இத்தன அடி" என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து குளக்கரைப் பக்கம் அமர்ந்தோம். சர்க்கரைப் பொங்கலை வழித்துத் தின்றுவிட்டு, விரலை முந்தானையில் துடைத்தபடி, கபாலி கோயிலில் ஆதிரையன்று நடராசர் எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று விசாரித்தார். விடியற்காலை அபிஷேகத்துக்கே போய்விட வேண்டும், களி வீட்டிலேயே செய்துவிடலாம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், ரயில் சீட்டை இப்போது ரத்து செய்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்டார்.