நகல் எந்தத் திசையில் ஓடுகிறது

ஒரே தரவை இரண்டிலும் எழுதிவைக்கும் ரெய்டு 1, அதாவது மிரர், முறையில் இணைக்கப்பட்ட இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று பழுதாகிவிட்டால், அந்த சர்வரைப் பயன்படுத்துவோர் யாருக்கும் அது தெரியாது. கோப்புகள் திறக்கும், கணக்குப் பதிவுகள் சேரும், மாத இறுதி அறிக்கை அச்சாகும். அந்த ஏற்பாட்டின் பயனே அதுதான். ஓர் அலுவலகம் வாரக்கணக்கில் ஒற்றை டிஸ்க்கை நம்பி ஓடிக்கொண்டிருப்பது கவனிக்கப்படாமல் போவதற்கும் அதுவேதான் காரணம். நடுத்தர நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் நான் பொறுப்பேற்றபோது, முந்தைய பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் விட்டுச்சென்ற கணக்கு சர்வர் இந்த நிலையில்தான் இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல் முறையாகவே போயிருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் அதே சர்வரில் உள்ள ரூட் என்ற தலைமைப் பயனரின் அஞ்சல் பெட்டி. அதைத் திறந்து பார்க்கும் வழக்கம் யாருக்கும் இருக்கவில்லை.

லினக்ஸில் இதைப் பார்ப்பதற்கு ஒரே வரி போதும். ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திரையில் காட்டச் செய்தால், நலமாக உள்ள மிரருக்கு இரண்டு யு எழுத்துகள் அருகருகே தெரியும். ஒரு டிஸ்க் விலகியிருந்தால் அதன் இடத்தில் ஓர் அடிக்கோடு நிற்கும். எங்கள் சர்வரில் ஒரு யுவும் ஓர் அடிக்கோடும் இருந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவுகளைப் பின்னோக்கிப் படித்ததில், இரண்டாவது டிஸ்க் பல வாரங்களுக்கு முன்பே விலக்கப்பட்டுவிட்டது தெரிந்தது. செயல் நின்றுபோன டிஸ்க்கைவிட, பாதி உயிரோடு உள்ளே மாட்டியபடியே இருக்கும் பழைய டிஸ்க்தான் எனக்கு அச்சம் தருவது. அதிலும் ஒரு முழுமையான கோப்பு முறைமை இருக்கிறது, அதுவும் திறக்கும், அதிலும் கணக்குகள் உள்ளன. ஆனால் அவை பல வாரங்களுக்கு முந்தைய கணக்குகள். இந்த வேலையில் நடக்கக்கூடிய உண்மையான பேரிழப்பு, நகல் தலைகீழ்த் திசையில் ஓடி, பழையது புதியதன் மேல் எழுதப்பட்டுவிடுவதுதான்.

டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயரும் அதன் படிநிலைகளும் வகுக்கப்பட்டன. மலிவான டிஸ்க்குகளைப் பலவாக இணைத்தால் விலையுயர்ந்த ஒற்றைப் பெரிய டிஸ்க்குக்கு ஈடாகும் என்பது அவர்களின் வாதம். லினக்ஸில் இதைத் தனி வன்பொருள் அட்டை எதுவும் இல்லாமல் கெர்னலே செய்துகொள்கிறது. நீல் பிரவுன் எழுதிய எம்டிஏடிஎம் என்ற கருவிதான் அதை இயக்கும் கைப்பிடி. ஒவ்வோர் உறுப்பு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்ற சிறு பகுதி உண்டு. அந்த டிஸ்க் எந்த மிரரைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது உறுப்பு, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பவற்றோடு, ஈவென்ட் எனப்படும் ஓர் எண்ணிக்கையும் அதில் இருக்கும். மிரரின் நிலை மாறும்போதெல்லாம் அந்த எண் ஏறும். இரண்டு பேரேடுகளில் எது நடப்புப் பேரேடு என்று அறியக் கடைசி வவுச்சர் எண்ணைப் பார்ப்பது போலத்தான் இதுவும்: எண் பின்தங்கிய டிஸ்க் காலத்திலும் பின்தங்கியது.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் இரண்டு டிஸ்க்குகளின் சூப்பர்பிளாக்குகளையும் எம்டிஏடிஎம்மின் எக்ஸாமின் கட்டளையால் படித்து, ஈவென்ட் எண்ணையும் புதுப்பித்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது என் வழக்கம். திரையில் இருப்பதை மறுபடி தாளில் எழுதுவானேன் என்று உடன் பணியாற்றுவோர் சிலர் சிரித்ததுண்டு. டெர்மினலில் நூறு வரிகள் ஓடிய பிறகு, எந்த எண் எந்த டிஸ்க்குக்கு உரியது என்பதை நினைவிலிருந்து சொல்ல நான் துணிவதில்லை. அதே தாளில் சீரியல் எண்களும் இடம்பெறும். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை கெர்னல் அந்த நேரத்தில் சூட்டும் பெயர்கள். அடுத்த முறை இயக்கும்போது அவை இடம் மாறலாம். டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளில் அச்சாகியிருக்கும் சீரியல் எண் மட்டுமே கையில் திருகாணி முடுக்கியுடன் கேபினெட்டைத் திறந்து நிற்பவருக்குப் பயன்படும்.

தவறான டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நல்ல டிஸ்க் மேசைமேல் இருக்க, விலக்கப்பட்ட பழைய டிஸ்க்குடன் மட்டும் சர்வர் இயங்கத் தொடங்கினால், அந்த டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கில் தான் விலக்கப்பட்ட செய்தியே இருக்காது. விலக்கப்பட்ட பின் அதில் எதுவும் எழுதப்படவில்லை அல்லவா? அது தன்னை முழுத் தகுதியுள்ள உறுப்பாகவே கருதும். சர்வர் எழுந்து நிற்கும், உள்நுழைவுத் திரை வரும், கணக்கர் வந்து பதிவுகளைச் சேர்க்கத் தொடங்குவார். சில வாரப் பதிவுகள் காணவில்லை என்று ஒருவர் கேட்கும்போது, இரண்டு டிஸ்க்குகளிலும் வெவ்வேறு புதிய பதிவுகள் சேர்ந்திருக்கும். அதன்பின் அவற்றை ஒன்றுசேர்ப்பது எந்தக் கட்டளையாலும் ஆகாது, மனிதர் உட்கார்ந்து செய்ய வேண்டியதாகிவிடும்.

அடுத்து, டிஸ்க் ஏன் விலகியது என்ற கேள்வி. இதைக் கேட்காமலேயே புது டிஸ்க் வாங்கச் சொல்பவர்கள் பலர். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கருவி தரும் அட்டவணையில் நான் முதலில் பார்ப்பது நான்கு வரிகள். எண் 5 இடம் மாற்றப்பட்ட செக்டர்களையும் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள்), 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களையும், 198 திருத்த இயலாதவற்றையும் சொல்லும்; 199 டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான தகவல் பரிமாற்றப் பிழைகளைச் சொல்லும். முதல் மூன்றும் சுழியமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால் குற்றம் பெரும்பாலும் கேபிளில் இருக்கும். வேறொரு காரணமும் உண்டு. சாதாரண மேசைக்கணினி டிஸ்க்குகள் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க நிமிடக்கணக்கில் போராடும். லினக்ஸ் கெர்னலோ இயல்பாக 30 விநாடிகள்தான் பொறுக்கும், பிறகு இணைப்பை மீட்டமைக்கும், அதற்கும் பதில் வராவிட்டால் டிஸ்க்கை விலக்கிவிடும். இத்தகைய டிஸ்க் முழுவதும் கெட்டுப்போனதல்ல, பதில் சொல்லத் தாமதித்தது மட்டுமே. கேபிள் மாற்றியபின் ரீ-ஆட் என்ற கட்டளையால் அதைத் திரும்பச் சேர்க்கலாம். எந்தப் பகுதிகள் மாறின என்று குறித்துவைக்கும் ரைட்-இன்டென்ட் பிட்மேப் மிரரில் இருந்தால், விலகியிருந்த காலத்தில் மாறிய பகுதிகள் மட்டும் நகலாகி, நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். எங்கள் டிஸ்க்குக்கு அந்த நற்பேறு இல்லை. 197ஆவது வரியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. புதியது வாங்கத்தான் வேண்டும்.

புது டிஸ்க் வந்ததும் உடனே மாட்டிவிடலாம் என்று என்னுடன் இருந்த இளைஞர் ஆவலாக இருந்தார். "ஒண்ணு நல்லாத்தானே சார் இருக்கு, புதுசை மாட்டினா தானா காப்பி ஆயிடாதா?" என்று கேட்டார். காப்பி ஆகும்தான். ஆனால் அந்த நல்ல டிஸ்க் கெட்டுப்போனதோடு ஒரே நாளில் வாங்கப்பட்டது, அதே மாடல், அதே சூட்டில் அதே ஆண்டுகள் சுழன்றது. அன்றாட வேலையில் அதன் ஒரு பகுதிதான் படிக்கப்படுகிறது. மறுகட்டுமானத்திலோ முதல் செக்டர் முதல் கடைசி செக்டர் வரை, ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத மூலைகள் உட்பட, அனைத்தும் ஒரே மூச்சில் படிக்கப்படும். இரண்டு டிஸ்க்குகள் இருந்தபோது ஒன்றில் படிக்க முடியாததைக் கெர்னல் மற்றதிலிருந்து எடுத்து, கெட்ட இடத்தில் திரும்ப எழுதிச் சரிசெய்துவிடும். ஒன்று மட்டுமே மிஞ்சியிருக்கும்போது கேட்பதற்கு வேறு டிஸ்க் இல்லை. மேசைக்கணினி டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு முறை படிக்க முடியாத பிழை வரலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 12.5 டெராபைட். அந்த எண்ணை அப்படியே வைத்துப் பயமுறுத்தும் கட்டுரைகளை நான் முழுதாக நம்புவதில்லை. நலமான டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனால் எங்களிடம் இருந்தது நலமானதா என்பதே ஐயமாக இருந்தது. எனவே தரவுத்தளத்தையும் கோப்புகளையும் முதலில் வேறொரு கணினிக்கு எடுத்து, அதிலிருந்து சில பதிவுகளை மீட்டுத் திறந்து பார்த்த பிறகே கேபினெட்டைத் திறந்தோம்.

பழைய உறுப்பை எம்டிஏடிஎம் வழியாக முறைப்படி ஃபெயில், ரிமூவ் என்று விலக்கி, சர்வரை நிறுத்தி, தாளில் உள்ள சீரியல் எண்ணை லேபிளோடு ஒப்பிட்டு டிஸ்க்கை மாற்றினோம். புதியதும் 2 டெராபைட்தான் என்றாலும், பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு செக்டர் எண்ணிக்கையைப் பார்த்தேன். சிறிதளவு குறைந்தாலும் மிரர் அதை ஏற்காது. இரண்டிலும் 390,70,29,168 செக்டர்கள் இருந்தன.

டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையை நல்ல டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகலெடுப்பதுதான் அடுத்த படி. எனக்கு விரல் தயங்கும் இடம் இதுவே. மிரரில் டிஸ்க்கைச் சேர்க்கும் ஆட் கட்டளையைத்தான் புதியவர்கள் அஞ்சுவார்கள். அது உண்மையில் அஞ்சத்தக்கதன்று. இயங்கும் உறுப்பு எது, புதிதாக வருவது எது என்பது கெர்னலுக்குத் தெரியும், திசையை அதுவே தீர்மானிக்கிறது, நாம் தலைகீழாகச் சொல்ல வழியே இல்லை. பார்ட்டிஷன் கருவிகளுக்கோ அந்த அறிவு கிடையாது. எஸ்ஜிடிஸ்க் கருவியின் ரெப்ளிகேட் வசதியில், எழுதப்பட வேண்டிய டிஸ்க்கின் பெயர் முதலிலும், படிக்கப்பட வேண்டியது வரியின் இறுதியிலும் வரும். காப்பி கட்டளையில் முதலில் மூலம், பிறகு இலக்கு என்று பழகிய கை இங்கே தன்போக்கில் மாற்றி எழுதிவிடும். வெறுமையான புது டிஸ்க்கின் அட்டவணை நல்ல டிஸ்க்கின்மேல் ஏறிவிட்டால், மீட்க முடியும் என்றாலும் அந்த இரவு தூக்கம் இராது. அதனால் நான் எஸ்எஃப்டிஸ்க் கருவியையே விரும்புகிறேன். அதில் நல்ல டிஸ்க்கின் அட்டவணையை முதலில் ஒரு சாதாரண உரைக் கோப்பாக எழுதிவைத்து, கண்ணால் படித்துப் பார்த்து, பிறகு அந்தக் கோப்பைப் புதியதில் ஏற்றலாம். நடுவில் ஒரு கோப்பு நிற்பதால் மூலத்துக்கும் இலக்குக்கும் இடையே ஒருமுறை நிதானிக்க முடிகிறது. அதன்பின் புது டிஸ்க்கின் அடையாள எண்கள் நல்ல டிஸ்க்கினதோடு ஒன்றாக இராதபடி எஸ்ஜிடிஸ்க்கைக் கொண்டு புதுப்பித்துவிட வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் ஒன்றை மட்டும் நான் கடுமையாக மறுக்கிறேன். மிரர் எழாதபோது கிரியேட் கட்டளையால் அதே டிஸ்க்குகளை வைத்து மீண்டும் உருவாக்கிவிடு என்பார்கள். கிரியேட் பழைய சூப்பர்பிளாக்கை அழித்துப் புதிது எழுதும். கருவியின் பதிப்பு மாறியிருந்தால் தரவு தொடங்கும் இடமே வேறாக அமைந்துவிடலாம். இருக்கும் சூப்பர்பிளாக்குகளைப் படித்தே மிரரை எழுப்பும் அசெம்பிள் என்ற கட்டளை இருக்கும்போது அந்த வழிக்குப் போக வேண்டிய தேவை மிக அரிது.

ஆட் கட்டளை கொடுத்தவுடன் எம்டிஸ்டாட்டில் ஓர் அம்புக்குறிக் கோடும் சதவீதமும் முடியும் நேரமும் தோன்றின. விநாடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தால் 2 டெராபைட்டுக்கு 3 மணி 40 நிமிடம் ஆக வேண்டும். நடைமுறையில் அப்படி அமைவதில்லை. டிஸ்க்கின் வெளி வட்டங்களில் வேகம் அதிகம், உள்ளே போகப்போகக் குறையும். பயனர்கள் வேலை செய்தால் கெர்னல் தானாகவே வழிவிட்டு ஒதுங்கும். இயல்பான அமைப்பில் கீழ்வரம்பு விநாடிக்கு 1,000 கிலோபைட், மேல்வரம்பு 2,00,000 கிலோபைட். அலுவலக நேரத்தில் மேல்வரம்பைக் குறைத்துவைத்து, கணக்குப் பிரிவு கிளம்பியதும் உயர்த்தினோம். எவ்வளவு நேரத்தில் முடியும் என்று மேலாளர் கேட்டபோது திரையில் இருந்த எண்ணை நான் சொல்லவில்லை, நாளைக் காலைக்குள் என்று மட்டும் சொன்னேன். அந்நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது சதவீதத்தைவிட மற்றொரு சாளரத்தில் ஓடிய கெர்னல் பதிவைத்தான். படிப்புப் பிழை வருமானால் முதலில் அங்கேதான் தெரியும். பிழை எதுவும் வரவில்லை.

இரண்டு யு எழுத்துகள் தெரிந்ததும் பலர் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் மிரர் நகலெடுப்பது மிரருக்குள் இருப்பதை மட்டுமே. எங்கள் சர்வர் பழைய பயாஸ் முறையில் இயங்கியதால், லினக்ஸை ஏற்றித் தொடங்கும் கிரப் பூட்லோடர் எஞ்சியிருந்த நல்ல டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. புதியதிலும் அதைத் தனியாக நிறுவினோம். புதிய யுஇஎஃப்ஐ முறையானாலும் பூட்லோடர் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் மிரருக்கு வெளியேதான் இருக்கும். அந்த நல்ல டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவைத்து, வலைப்பின்னல் இணைப்பு இல்லாமல், புதியது மட்டும் கொண்டு சர்வர் எழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று இளைஞர் சொன்னார். வேண்டாம் என்று தடுத்தேன். தனித்து எழும் டிஸ்க்கில் ஏதாவது எழுதப்படும், பிறகு மறுபடி ஒன்றுசேர்க்க வேண்டிவரும். பயாஸ் பட்டியலில் புதிய டிஸ்க்கை முதலாவதாக மாற்றி, இரண்டும் இணைந்த நிலையிலேயே எழுப்பிப் பார்த்ததில் கிரப் புதியதிலிருந்து வந்தது தெரிந்தது.

எச்சரிக்கை மின்னஞ்சல் வெளியே உள்ள பொது முகவரிக்குப் போகும்படி மாற்றி, டெஸ்ட் விருப்பத்தால் ஒரு மாதிரி அஞ்சல் அனுப்பி வந்து சேர்வதையும் பார்த்தோம். கழற்றிய டிஸ்க்குக்கு உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தது. ஆனால் அதில் நிறுவனத்தின் கணக்குகளும் ஊழியர் சம்பள விவரங்களும் இருந்தன. கெட்ட செக்டர்கள் உள்ள டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டோம் என்று உறுதி சொல்ல முடியாது. மேலாளரிடம் நிலையை விளக்கியதும், உத்தரவாதத்தை விட்டுவிடலாம் என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். துளைப்பொறி கொண்டு அதன் தட்டுகளைத் துளைத்துக் குப்பைக்கு அனுப்பினோம்.

எஞ்சியிருந்த மூத்த டிஸ்க்கையும் அது கெடும் வரை காத்திராமல் அடுத்த காலாண்டில் மாற்றினோம். அந்த முறை எதையும் முதலில் விலக்கவில்லை. க்ரோ கட்டளையால் உறுப்பு எண்ணிக்கையை மூன்றாக்கி, புதியதை மூன்றாவதாகச் சேர்த்து, மூன்று யுக்களும் தெரிந்த பிறகு மூத்ததை விலக்கி எண்ணிக்கையை மீண்டும் இரண்டாக்கினோம். டிஸ்க்கை இணைக்கும் சாட்டா துளை ஒன்று கூடுதலாக இருந்தால் மிரரை ஒரு நிமிடம்கூட ஒற்றை டிஸ்க்கில் நிறுத்தாமல் இதைச் செய்துவிடலாம். அதனால் இப்போது சர்வர் வாங்கும் விலைப்பட்டியலில் நான் முதலில் தேடுவது காலியாக ஒரு துளை மிஞ்சுமா என்பதைத்தான்.