தாத்தாவின் மலாயாக் காசுகளுக்கு விலை தேடிய கதை

தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவருடைய தகரப்பெட்டியில் 23 காசுகள் இருந்தன. பத்தொன்பது சதுரமான ஒரு சென்ட் செப்புக்காசுகள், நான்கு பத்து சென்ட். எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ராஜா ஆறாம் ஜார்ஜின் தலை. இணையத்தில் இதே காசை ஒருவர் லட்ச ரூபாய்க்குப் போட்டிருந்தார். வீடே பரபரத்தது.

அந்தப் பரபரப்பில் நான் செய்த தப்பு, இரண்டு காசுகளைப் புளி போட்டுத் தேய்த்தது. பளபளவென்று வந்தன. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்தேன். முதலில் ஒரு சென்ட் காசுகளை ஆண்டுவாரியாகப் பிரித்தேன். 1940, 1941 காசுகள் சற்றுப் பெரியவை. 1943, 1945 காசுகள் சிறியவை. பதினான்கு காசுகள் 1943! அந்த ஆண்டு மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தது, அதனால் அபூர்வமாக இருக்கும் என்று நம்பினேன். காசுகளைப் பட்டியலிடும் நூமிஸ்டா இணையதளத்தில் பார்த்தால், கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட காசு அது. பழசு என்பதும் அரிது என்பதும் ஒன்றில்லை.

அடுத்தது தேய்மானம். பூதக்கண்ணாடியில் கிரீடத்தின் கோடுகளும் ராஜாவின் புருவமும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்தேன். பெரும்பாலானவற்றில் கிரீடம் மழுங்கிப்போயிருந்தது. ஒரே ஒரு 1945 காசில் மட்டும் அடித்த அன்றைய செந்நிறம் ஓரங்களில் மிச்சம் இருந்தது.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டேன். ஈபேயில் 'விற்றுமுடிந்தவை' என்று வடிகட்டினால் உண்மையில் கைமாறிய தொகை தெரியும். லட்சம் எங்குமே இல்லை.

பத்து சென்ட்தான் ஆச்சரியம் தந்தது. 1941 காசில் முக்கால் பங்கு வெள்ளி, 1943, 1945 காசுகளில் பாதி. எடை போட்டேன், தலா 2.7 கிராம். ஆக, உலோகத்துக்கே ஒரு விலை உண்டு. மலாயாத் தமிழர் டாலரையே 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள், தாத்தாவும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு காசு வியாபாரியிடம் போனேன். தேய்ந்த செப்புக்காசுக்குத் தலா இருபது ரூபாய் சொன்னார். செந்நிறக் காசுக்கு இருநூறு. புளி போட்ட இரண்டையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, தேய்த்த காசு வேண்டாம் என்று தள்ளி வைத்தார். பத்து 1943 காசுகளை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். மற்றவை தனித்தனி உறையில், ஆண்டு எழுதி, அதே தகரப்பெட்டியில் இருக்கின்றன.