நான்கு மைக்ரான் இரும்பு

மூன்று நாளாக ஒரே வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, ஊசி முனையால் ஓர் இரும்புத் துண்டை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். அதன் தடிமன் 4 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டால் போதும், பறந்துவிடும்.

ரீனியம் என்ற உலோகத் தகட்டில் போட்ட சின்னத் துளைக்குள் அதை வைக்க வேண்டும். மேலும் கீழும் உப்புப் படலம். இரண்டு பக்கமும் வைர முனைகள். அப்புறம் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டியதுதான். இதற்கு டயமண்ட் ஆன்வில் செல் என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

பூமியின் உலோக மையம் தொடங்கும் ஆழத்தில் அழுத்தம் 136 கிகாபாஸ்கல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 13 லட்சம் மடங்கு. வெப்பநிலை ஏறத்தாழ 4000 கெல்வின். அங்கே இரும்பு எவ்வளவு வெப்பம் கடத்தும்? சாதாரண அறையில் அதன் வெப்பக் கடத்துத்திறன், மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு, 80 வாட். ஆழத்தில் அது எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் பூமியின் காந்தப்புலத்தின் கதையே இருக்கிறது. மையத்தில் உருகிய இரும்பு புரள்வதால்தான் அந்தப் புலம் உருவாகிறது. வெப்பம் சும்மா கடத்தலிலேயே வெளியேறிவிட்டால், இரும்பைக் கலக்கிப் புரட்ட மிச்சம் குறைவு.

2016இல் நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. கோனோப்கோவா குழு வெப்பத்தையே நேரடியாக அளந்து 18 முதல் 44 வாட் என்றது. ஓட்டா குழு மின்தடையை அளந்து, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும் என்ற 1853ஆம் ஆண்டின் வீடெமான்-ஃபிரான்ஸ் விதி வழியாகப் பல மடங்கு அதிகமான எண்ணுக்கு வந்தது. ஒரே இரும்பு, ஒரே இதழ்! அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் செய்வது முதல் வகை. ஒரு பக்கம் லேசர் துடிப்பை அடித்து, மறுபக்கம் எப்போது சூடாகிறது என்று பார்ப்பேன். தாமதம் மைக்ரோவினாடி அளவில்தான் இருக்கும். சிக்கல் நேரத்தில் இல்லை, தடிமனில்தான். தடிமன் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும். 4 மைக்ரானை 5 என்று தவறாக எடுத்துக்கொண்டால், விடையில் ஐம்பது சதவீதத்துக்கு மேல் பிழை. அழுத்தம் ஏற ஏறத் துண்டு நசுங்கும், ஓரம் ஒரு மாதிரியும் நடு ஒரு மாதிரியும். ஆகவே ஒருவர் எண் சொன்னால், தடிமனை எப்படி அளந்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.

உப்பும் அவ்வளவு முக்கியம். வைரம் தாமிரத்தைவிடப் பிரமாதமாக வெப்பம் கடத்தும். போன தடவை உப்பு ஒரு மூலையில் பிதுங்கி, இரும்பு வைரத்தைத் தொட்டுவிட்டது. லேசர் கொடுத்த சூடெல்லாம் அந்த வழியாக ஓடிவிட்டது. இரண்டு வார அளவீடுகளை ஒதுக்கி வைத்தேன், மனசே வரவில்லை.

சரி, இந்தத் துண்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. அளவீடு முடிந்ததும் அழுத்தத்தை இறக்கி, அயனிக் கற்றையால் குறுக்கே வெட்டி, மின்னணு நுண்ணோக்கியில் தடிமனைப் பார்ப்பேன். அதுவரை என் தாளில் விடைக்கான இடம் காலியாகவே இருக்கும்.