அப்பாவின் பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின்: எட்டு மாத வேலை

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உள்ள குப்பங்களுக்கு அப்பா ஐஸ் பார் ஏற்றிப்போன வண்டி இது. மஹிந்திராவின் சிஜே3பி ஜீப். பின்பக்கத்தை வெட்டி, பலகை அடித்து, பிக்கப் பெட்டி கட்டியிருந்தார். ஐம்பது கிலோ பார் பத்து ஏறும், அதாவது அரை டன். மணலில் இறங்கினாலும் நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதால் அதை அவர் கடைசிவரை மாற்றவில்லை. அவருக்கு உடம்பு முடியாமல் போனபிறகு ஒன்பது வருஷம் வண்டி தண்டையார்பேட்டை வீட்டுச் சந்தில் நின்றது. போன தீபாவளிக்கு அடுத்த வாரம், திருவொற்றியூரில் மச்சான் வைத்திருக்கும் கிடங்கு வளாகத்துக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேதான்.

முதலில் பழைய இன்ஜினை ஓடவைக்கத்தான் நினைத்தேன். 2199 சிசி ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின். இன்டேக் வால்வு தலையில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குக்குள்ளேயே இருக்கும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் துளை வரைக்கும் விரிசல். வார்ப்பிரும்பு பிளாக், அதுவும் சூடு அதிகம் விழும் இடம். வெல்டிங் வைத்தால் நிற்காது என்று இரண்டு லேத் பட்டறையில் சொல்லிவிட்டார்கள். நல்ல பிளாக் தேடி இரண்டு மாதம் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்தேன். கிடைத்த ஒன்றும் இதே இடத்தில் விரிந்திருந்தது.

அங்கேதான் டெம்போ டிராக்ஸ் ஒன்றிலிருந்து கழற்றிய ஓஎம்616 டீசல் இன்ஜினைப் பார்த்தேன். மெர்சிடிஸ் 240டி காரில் வந்த அதே குடும்பம். 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், ஓவர்ஹெட் கேம், டைமிங் செயின். காகிதத்தில் பார்த்தால் பெட்ரோல் இன்ஜினைவிட இதற்கு டார்க் (சுழற்றும் விசை) கொஞ்சம் குறைவுதான். டீசல் போட்டால் தானாகவே இழுவை கூடிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது வேறு காரணம். இரண்டு இன்ஜினும் உச்ச பவரை ஏறக்குறைய 4000 ஆர்பிஎம்-இல்தான் (நிமிடத்துக்கு 4000 சுற்று) தருகின்றன. ஆகவே அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியரைத் தொட வேண்டாம். இந்த ஜீப்பின் அச்சு விகிதம் 5.38, அதாவது டாப் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற இன்ஜின் 5.38 முறை சுற்றும். என் டயருக்குக் கணக்குப் போட்டால் 60 கி.மீ. வேகத்தில் சுமார் 2400 ஆர்பிஎம் வரும், அது இந்த டீசலுக்கு இதமான இடம். வேகமாகச் சுற்றாத பெரிய டீசலை இதே அச்சில் வைத்தால் நாற்பதிலேயே கத்த ஆரம்பித்துவிடும்.

டிராக்ஸின் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்கியிருக்கலாமே என்று மச்சான் கேட்டார். அது ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸோடு (முன் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) சேராது. அதைப் போட்டால் முன்சக்கர இழுவை போய்விடும். அப்பாவின் வண்டி மணலில் இறங்கவில்லை என்றால் எனக்கு அந்த வண்டியே வேண்டாம். அதனால் ஜீப்பின் டி90 கியர்பாக்ஸ், கிளட்சை மூடும் அதன் பெல் ஹவுசிங், முன்னால் டீசல் இன்ஜின், நடுவில் இரண்டையும் இணைக்க ஒரு அடாப்டர் பிளேட் என்று முடிவு செய்தேன்.

செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இன்ஜினை உட்காரவைக்க ஒன்றரை நாள்தான் ஆனது. இந்த மாடலின் பானெட் மற்ற ஜீப்புகளைவிட உயரம், அது பெரிய உதவி. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் ஆழமான பகுதி முன் அச்சின் மேல் இடித்தது. அதை வெட்டி, வடிவம் மாற்றி வெல்டு வைத்து, ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப மாற்றினேன். மேனிஃபோல்டு வலது பக்கம், ஸ்டியரிங்கும் வலது பக்கம். எக்ஸாஸ்ட் குழாயை வளைத்து, நடுவில் ஒரு தகடு வைத்து வெப்பத்தைத் தடுத்தேன்.

அடாப்டர் பிளேட்டில்தான் நான்கு மாதம் போனது.

முதல் பிளேட்டை அட்டையில் அச்சு எடுத்துச் செய்தேன். இன்ஜினின் பின்பக்கம் அட்டையை அழுத்தி போல்ட் ஓட்டைகளைப் பதித்து, பெல் ஹவுசிங்குக்கும் அப்படியே பதித்து, 12 மி.மீ. இரும்புத் தகட்டில் துளை போட்டு வாங்கினேன். எல்லா போல்ட்டும் சிரமமில்லாமல் உட்கார்ந்தன. கிளட்ச் பிளேட்டை இரண்டிலிருந்து ஒன்றாகச் செய்யவைத்தேன். ஜீப் ஷாஃப்டுக்குச் சேரும் நடுப்பகுதி, டிராக்ஸ் ஃப்ளைவீலுக்குச் சேரும் வெளித்தகடு, இரண்டையும் சேர்த்து ரிவெட். இன்ஜினின் கிராங்க் முனையில் கன்மெட்டல் புஷ் (வளையம்) கடைந்து வைத்து, கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு அதில் உட்காரும்படி பண்ணினேன். வளாகத்துக்குள் ஓட்டினால் ஒன்றாம் கியர் கரகரவென்று விழுந்தது, கிளட்சை விடும்போது வண்டி உதறியது. இரண்டாவது ஞாயிறு இரண்டாம் கியர் தானாக நழுவி வெளியே வந்தது. கழற்றிப் பார்த்தால் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவில் இருந்தது.

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் அந்தப் புஷ்ஷை எடுத்துப்போய்க் காட்டினேன். அப்பாவைத் தெரிந்தவர். கையில் வாங்கி ஒரு முறை திருப்பினார்.

“தம்பி, போல்ட் உக்காந்துச்சு, சரி. சென்டர் வந்துச்சா? அத்த யாரு பாத்தது?”

“போல்ட் சரியா இருந்தா சென்டரும் வந்துரும்னு நெனச்சேண்ணா.”

“போல்ட்டு புடிச்சி நிக்கத்தான் தம்பி. சென்டர நீதான் குடுக்கணும்.”

சென்டர் என்றால் கிராங்க்கும் கியர்பாக்ஸ் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பது. படகில் இன்ஜினையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, மேலே, கீழே, இடம், வலம் நான்கு இடத்திலும் இடைவெளி சமமா என்று பார்ப்பார்கள். கரையில் சரியாக இருந்தது, படகு தண்ணீரில் மிதந்ததும் மாறிவிடும். அதனால் மிதக்கவிட்டபிறகு மறுபடி பார்க்க வேண்டும். இதை அவர் நின்றபடியே ஒரு படகில் காட்டினார். அந்த அரைமணி நேரத்தில் எனக்குப் புரிந்தது அதற்கு முன் மூன்று மாதத்தில் புரியவில்லை.

அடுத்த வாரம் டயல் கேஜ் (மிகச் சிறிய விலகலையும் முள்ளால் காட்டும் கருவி) கடன் வாங்கி வந்தேன். டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றினால் கம்ப்ரஷன் இருக்காது, கிராங்க்கைக் கையால் சுற்றலாம். கேஜை ஃப்ளைவீலில் பிடித்து, அதன் முள் பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையின் உள்விளிம்பைத் தொடும்படி வைத்துச் சுற்றினேன். முள் மொத்தம் 0.62 மி.மீ. ஆடியது. சுற்றும்போது மேலும் கீழும் சேர்த்துக் காட்டுவதால் உண்மையான விலகல் இதில் பாதி, 0.31. கண்ணுக்குத் தெரியாத அளவு. கியர்பாக்ஸுக்கு அது போதும் கெட்டுப்போக. பொதுவாக விலகல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

இரண்டாவது பிளேட்டை நன்றாகச் செய்தேன். சர்ஃபேஸ் கிரைண்டிங் போட்டு இரண்டு முகமும் இணையாக வரவைத்தேன். பெல் ஹவுசிங் போல்ட் ஓட்டைகளை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகப் போட்டேன். போல்ட்டை லேசாக இறுக்கி, மரச்சுத்தியால் ஒரு தட்டு, கேஜ் பார்த்தல், மறுபடி ஒரு தட்டு. இப்படி ஒரு ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை. கடைசியில் முள் 0.14 காட்டியது, அதாவது விலகல் 0.07. போல்ட்டை முழுதாக இறுக்கியபிறகு மறுபடி பார்த்தேன், நகரவில்லை. அதே நிலையில் வைத்து டவல் பின்னுக்கு இரண்டு ஓட்டை ரீமர் விட்டுப் பின்னை அடித்தேன். இனி எத்தனை முறை கழற்றினாலும் அந்தப் பின்கள் அதே இடத்தில்தான் உட்காரவைக்கும். பெல் ஹவுசிங்கின் முகம் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்போது கிராங்க்கை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும், இல்லையென்றால் கிராங்க் முன்னும் பின்னும் நகர்வதையும் கேஜ் சேர்த்துக் காட்டும்.

டீசல் லைன் வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டீசலில் நாசிலிலிருந்து மிஞ்சும் எண்ணெய் டேங்குக்குத் திரும்ப வேண்டும், பெட்ரோல் டேங்கில் அதற்குக் குழாய் இல்லை. வெல்டு வைத்துத்தான் ஆக வேண்டும். ஒன்பது வருஷம் காலியாகக் கிடந்த டேங்க் என்று நினைத்து நெருப்பைக் காட்டாதீர்கள். உள்ளே படிந்த பெட்ரோல் ஆவி போதும் வெடிக்க. நான் சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, வெல்டு வைக்கும் இடத்துக்குக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, அனுபவமுள்ள ஆளிடம் கொடுத்தேன்.

முதல் ஸ்டார்ட் ஏப்ரலில், பழைய பிளேட் இருந்தபோதே. ஹேண்ட் பிரைமரை அடித்து, பம்ப் திருகைத் தளர்த்தி, நுரை நிற்கும் வரை ஏர் எடுத்தேன். அப்புறம் நாசில் நட்டுகளில் ஒவ்வொன்றாக. செல்ஃப் சுற்றியது, பிடிக்கவில்லை. இந்த இன்ஜினின் ஹீட்டர் பிளக்குகள் பழைய சுருள் வகை, நான்கும் ஒரே வரிசையில் இணைந்தவை. ஒன்று எரிந்தால் நான்கும் செத்ததாக அர்த்தம். டெஸ்ட் பல்பு வைத்துத் தேடினால் இரண்டாவதில் கம்பி அறுந்திருந்தது. எரிபொருள் முதலில் ஒரு சிறு முன்னறையில் பற்றும் டீசல் என்பதால் சென்னை வெயிலிலும் காலையில் ஹீட்டர் இல்லாமல் எளிதில் பிடிக்காது. மாற்றினேன். வெள்ளைப் புகையோடு நான்கைந்து முறை தடுமாறி, பிறகு நின்று ஓடியது. சாவியைத் திருப்பினால் இது நிற்காது, ஸ்டாப் கேபிளை இழுத்தால்தான் நிற்கும். கேபிள் ஏமாற்றினால் காற்று வாயை மூடுவதற்கு ஒரு பலகைத் துண்டு மச்சான் கையில் தயாராக இருந்தது. தேவைப்படவில்லை.

வைப்பர் இன்ஜினின் வேக்குவத்தில் (உறிஞ்சலில்) ஓடுவது. டீசலின் மேனிஃபோல்டில் வைப்பரை ஓட்டும் அளவுக்கு உறிஞ்சல் இல்லை. டிராக்ஸின் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் இன்ஜினோடு வந்திருந்தது, அதிலிருந்து ஒரு குழாய் இழுத்தேன். பெட்ரோலோடு ஓடிய காலத்தைவிட இப்போது வைப்பர் ஒரே சீராக அசைகிறது. முன் கமான் (பட்டை ஸ்பிரிங்) இரண்டு விரல் தணிந்திருக்கிறது. ஒரு பட்டை சேர்க்க வேண்டும்.

இரண்டாவது பிளேட் போட்டு ஆறு வாரம் ஆகிறது. போன ஞாயிறு பெட்டியில் பத்து மூட்டை மணல் ஏற்றி வளாகத்தைச் சுற்றினேன். கியர் சத்தமில்லாமல் விழுகிறது, நழுவவில்லை, உதறவில்லை. இன்ஜின் சூடும் நிலையாக நிற்கிறது.

ரோட்டில் இன்னும் எடுக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பற்றியது. எரிபொருளே மாறுகிறது என்பதால் ஆர்டிஓ அலுவலகத்தின் அனுமதியும், இன்ஷூரன்ஸில் பதிவும் இல்லாமல் கிடங்கின் கேட்டைத் தாண்ட மாட்டேன். இதை வேலை தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும், நான் வரிசையை மாற்றிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இன்ஜின் வாங்கிய ரசீது, பழைய இன்ஜின் எண், புதிய இன்ஜின் எண் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கிறது. இந்த வாரம் கொடுக்கப்போகிறேன்.

நேற்று அப்பாவை ஆட்டோவில் அழைத்துவந்து காட்டினேன். முன் சீட்டில் ஏற்றி உட்காரவைத்து ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கியர் கம்பியில் கை வைத்து, கிளட்சை மிதிக்கச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரே போட்டுப் பார்த்தார். “சம்ப்புல ஆயில் கசியுது பாரு” என்றார். கீழே குனிந்து பார்த்தேன். வெல்டு வைத்த ஓரத்தில் ஒரு சொட்டு நின்றது. அடுத்த ஞாயிறு சம்ப்பை இறக்க வேண்டும்.