ஏணி வரைந்து படித்த வெப்ப இயக்கவியல்

மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். இயற்பியலில் வெப்ப இயக்கவியல் வந்ததும் பலர் சூத்திரங்களை உருப்போடத் தொடங்கிவிடுகிறார்கள். சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஓர் இயந்திரத்தைக் கவனியுங்கள். செம்பனை ஆலையே போதும். நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துக் கொதிகலனில் நீராவி எடுக்கிறார்கள். அது டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அழுத்தம் தணிந்து வெளியேறும் நீராவி, பழக்குலைகளை வேகவைக்கப் போகிறது. வெப்பம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேலையானது, மிச்சம் எங்கே போனது? சுழற்சிக் கணக்கு எதுவானாலும் இம்மூன்றைத்தான் கேட்கிறது.

அடுத்து, அழுத்தம்–கனஅளவு வரைபடத்தின் பக்கத்தில் ஓர் ஏணி வரையுங்கள். என் நோட்டு முழுவதும் இந்த ஏணிகள்தாம். படிகள் ஆற்றல் மட்டங்கள், புள்ளிகள் துகள்கள். வாயுவை அழுத்தினால் படிகள் மேலே நகர்ந்து இடைவெளி விரிகிறது: அது வேலை. கனஅளவை மாற்றாமல் சூடாக்கினால் படிகள் அசைவதில்லை, புள்ளிகள் மேலேறுகின்றன: அது வெப்பம். வெப்பமே கொடுக்காமல் அழுத்தும்போது வாயு ஏன் சூடாகிறது என்பது இப்போது விளங்கும். மெதுவாக அழுத்தினால் எந்தப் புள்ளியும் படி தாண்டுவதில்லை. படியே அதைத் தூக்கிக்கொண்டு போகிறது.

தேர்வில் வேலையின் கூட்டல்–கழித்தல் குறியை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றியபின் கணக்கில் இறங்குங்கள்.

இந்த ஏணி மிகக் குளிரில் கண்கூடாகிறது. 1995இல் ருபீடியம் அணுக்களைக் கெல்வினில் ஏறத்தாழ கோடியில் இரண்டு பங்குக்குக் குளிர்வித்தபோது, அவை அடிப்படியில் குவிந்தன. ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேர்ந்திருக்கக்கூடிய போசான் வகைத் துகள்களுக்கு அது இயலும். மற்ற வகையான ஃபெர்மியான்களோ ஒரே நிலையில் இரண்டு இருக்க மாட்டா; இதுவே பவுலி விதி. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகளை நிரப்பியே ஆகவேண்டும். ஆகவே அவற்றின் ஆற்றல் கூடுதல்.

அந்த வேறுபாட்டைக் கொண்டே ஓர் எஞ்சின் ஓடுகிறது என்று படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் ஆய்வாளர்களும் ஒக்கினாவா ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய பவுலி எஞ்சினைப் பற்றிய கட்டுரை 2023இல் வெளிவந்தது. லேசர் ஒளியால் பிடித்து வைக்கும் பொறியில் லித்தியம் அணு இணைகள்; இணையாக இருக்கும்போது அவை போசான்கள். பொறியை இறுக்குகிறார்கள். காந்தப்புலத்தை மாற்றிப் போசான் வாயுவை ஃபெர்மியான் வாயுவாக்குகிறார்கள். பொறியைத் தளர்த்தி, மீண்டும் போசானாக்குகிறார்கள். வெப்பத்தின் இடத்தைத் துகள்களின் இயல்பு மாற்றம் பிடித்துக்கொள்கிறது. எட்டிய வினைத்திறன் 25 விழுக்காடு வரை. நான்கு கட்டங்களுக்கும் ஏணி வரைந்து, எதில் படி நகர்கிறது, எதில் புள்ளி நகர்கிறது என்று குறியுங்கள்.