அந்த அறையில் நான் பேசாமல் இருந்தது

பையனின் அம்மா ஒன்றுதான் கேட்டார்: "டாக்டர் தமிழ்ல கேப்பாங்களா டீச்சர்?" நான் கூட வருகிறேன் என்றேன். அதை நம்பித்தான் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, எழுத வாசிக்கத் திணறும் மகனை மதிப்பீட்டுக்குக் கூட்டி வந்தார்.

டாக்டர் படத்தைக் காட்டி மலாயில் கேட்டதும் பையன் தரையைப் பார்த்தான். நான் தமிழில் சொன்னேன், பதில் உடனே வந்தது. அடுத்த கேள்விக்கும் அப்படியே. "அவனே பதில் சொல்லட்டும் டீச்சர்" என்றார் டாக்டர், கோபமில்லாமல்தான். அப்புறம் நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை.

மதிப்பீட்டுக்கு நடுவில் ஆள் நுழையக்கூடாது. என் குரலே விடையைக் காட்டிக்கொடுத்துவிடலாம். பள்ளியில் டிஸ்லெக்சியா (எழுத்து, வாசிப்புச் சிக்கல்) சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பும்போது நானும் பெற்றோரைப் பக்கத்தில் உட்கார விடுவதில்லை.

சரி, ஆனால் அவன் வாய் திறக்காததற்கு என்ன அர்த்தம்? வாசிப்புச் சிக்கலா, மலாய் வராததா? வீட்டிலும் தமிழ், பள்ளியிலும் தமிழ். மலாயைப் பாடவேளையில் மட்டும் கேட்கிற பிள்ளை. 'கொய்யா' எழுதச் சொன்னால் முதலில் 'க' போட்டுவிட்டு, கொம்பை எங்கே வைப்பது என்று தவிப்பான். காதில் விழுவது ஒரு வரிசை, கை எழுத வேண்டியது வேறு வரிசை. நான் நிரப்பிய பட்டியலில் b-யும் d-யும் மாறுகிறதா என்று கேட்டிருந்தது. கொம்பைப் பற்றி எழுத இடமில்லை. இதே பையன் வாயால் கதை சொன்னால் வகுப்பே அடங்கிக் கேட்கும்.

டாக்டர் தந்த படிவத்தில் 'மெதுவாகக் கற்பவர்' என்று வந்தது. மலேசியாவின் மாற்றுத்திறனாளி அட்டையான ஓகேயூ அட்டையில் இதெல்லாம் தெரியாது. டிஸ்லெக்சியா, ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் எல்லாமே 'கற்றல் பிரச்சினை' என்ற ஒரே பிரிவுதான். மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் ஒன்றுதான். அதனால் என்ன நஷ்டம் என்று சக ஆசிரியை கேட்டார். நஷ்டம் வகுப்பறையில் இருக்கிறது. டிஸ்லெக்சியா என்றால் அறிவில் குறையில்லை, எழுத்தையும் ஒலியையும் சேர்த்துக் கற்பிக்கிற வழி மாற வேண்டும். மெதுவாகக் கற்பவன் என்றால் பாடத்தையே குறைத்துவிடுவார்கள்.

எங்கள் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு கிடையாது. அது இருக்கிற பட்டணத்துத் தேசியப் பள்ளிக்கு, மலாய்வழிப் பள்ளிக்கு, போய்விட்டான். முதல் 3 மாதம் தகுதிகாண் காலம், அதுவும் முடிந்துவிட்டது. அங்கே அவனுக்குத் தமிழ் இல்லை. "இப்ப அழாம கெளம்புறான் டீச்சர்" என்கிறார் அம்மா. இங்கே படித்தபோது காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்த பிள்ளை. சில நாள் இதுவே போதும் என்று தோன்றுகிறது, சில நாள் தோன்றுவதில்லை.

அன்று பேசாமல் இருந்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அண்மையில் வேறொரு பிள்ளையோடு போனபோது, ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிட்டேன்: இவளிடம் தமிழில் கேட்க ஒருவர் வேண்டும், அது நானாக இருக்கக்கூடாது. தமிழ் தெரிந்த தாதி ஒருவரைத் தேடிக் கூப்பிட்டார்கள். அவள் பேசினாள்.

இதைப் பையனின் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மறுமதிப்பீடு கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால், அழாமல் போகிற பிள்ளையை மறுபடி எதற்கு டீச்சர் இழுக்கணும் என்று கேட்பார்.