நிலம் இழந்த தெய்வம்

அடுத்த மாதம் நண்பர்களோடு தொடங்கவிருக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக மூன்று வாரமாகத் தெய்வங்களைப் படைத்துக்கொண்டிருக்கிறேன். கற்பனை உலகொன்றில் ஆளுக்கொரு பாத்திரமாகி, சேர்ந்து கதை சொல்லி ஆடும் ஆட்டம் இது.

1974இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் தெய்வங்களுக்கென்றே 1980இல் ஒரு நூல் வந்தது. அதில் கிரேக்கத் தெய்வமான ஸீயஸுக்கும், எவ்வளவு அடி தாங்கலாம் என்று காட்டும் உயிர்ப்புள்ளிகள் உண்டு. எண் கொடுத்துவிட்டால் வெட்டிச் சாய்க்கலாம் என்று ஆட்டக்காரர் நினைக்கத்தானே செய்வார்? இதே ஆட்டத்துக்காக 2004இல் வந்த எபரான் என்ற கற்பனை உலகம் இதற்கு நேர் எதிர். அங்கே தெய்வங்கள் இருக்கிறார்களா என்பதே உறுதியில்லை. ஆனாலும் பூசாரியின் மந்திரம் பலிக்கிறது. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

ஆனால் என் மனம் நின்ற இடம் தொல்காப்பியம். காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன். என்ன அழகான ஆட்ட விதி! என் உலகிலும் தெய்வத்தின் ஆற்றல் அதன் நிலத்தோடு முடிகிறது. மலைத்தெய்வத்தின் பூசாரி கடற்கரையில் காயம் ஆற்ற வேண்டுமானால், அந்த ஊர்த் தெய்வத்துக்குப் படையல் வைத்து அனுமதி கேட்க வேண்டும்.

அந்த நூற்பாவில் பாலைக்குத் தெய்வம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அப்படியானால் காடு காய்ந்தபின் அதன் தெய்வம் எங்கே போகும்? நேற்று இரவு இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. விடிவதற்குள் முடிவுசெய்துவிட்டேன்: முதல் நாள் ஆட்டத்தில், வழியோரச் சுமைதாங்கிக் கல்லில் சாய்ந்தபடி அது தண்ணீர் கேட்கும்.